பத்து லட்சத்தில் ஐந்து: எம்ஆர்ஐ சிக்னலை எங்கிருந்து கூட்டுகிறார்கள்?

முட்டம், குளச்சல் பக்கம் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை ஒரு சின்னக் குப்பியில் அடைத்து, சுற்றிலும் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, சில நொடி மின்சாரம் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்தினால், மண்ணெண்ணெயில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றித் தலையாட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் அதே கம்பிச்சுருளில் மெல்லிய மின்னழுத்தமாகத் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதனால் இங்கே அந்த ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 1,700 முறை நடக்கும். ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால் ஸ்பீக்கரில் காதாலேயே கேட்கலாம். துருவங்களை நெருங்கினால் புலம் 60 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டும், சுருதியும் ஏறும். சுருதியை அளந்தால் புலம் தெரிந்துவிடும். இந்தக் கருவிக்குப் புரோட்டான் காந்தமானி என்று பெயர். பூமியின் புலத்தில் அணுக்கருக்களின் இந்த ஆட்டத்தைப் பாக்கார்டும் வேரியனும் அமெரிக்காவில் 1954இல் செய்து காட்டினார்கள்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்கேன் சென்டரில் ஒருவரை எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்க வைக்கும்போதும் இதே இயற்பியல்தான். மண்ணெண்ணெய்க்குப் பதில் உடம்பில் இருக்கும் தண்ணீரும் கொழுப்பும். பூமியின் புலத்துக்குப் பதில் 1.5 டெஸ்லா, அதாவது ஏறத்தாழ 37,000 மடங்கு வலுவான புலம். ஆட்டத்தின் வேகமும் அதே விகிதத்தில் ஏறி நொடிக்கு 6.4 கோடி முறை ஆகிவிடும். அது கேட்கும் சத்தமல்ல, ரேடியோ அலை. ஸ்கேனுக்குள் கேட்கிற இடிச்சத்தம் வேறு. படத்துக்காகப் புலத்தைச் சரிக்கும் சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்து அவை அதிர்வதால் வருவது அது.

குப்பிக்கு முதலில் மின்சாரம் பாய்ச்சியது எதற்கு என்பதைக் கவனித்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பூமியின் புலம் மட்டும் இருந்தால் அணுக்கருக்கள் ஒரு பக்கமாகச் சாய்வது மிக மிகக் குறைவு. ஆயிரம் கோடிக்கு ஒன்று என்ற கணக்கு. அதனால்தான் சுருளில் மின்சாரம் விட்டு, பூமியின் புலத்தைப் போலச் சில நூறு மடங்கு புலத்தை உண்டாக்கி, முதலில் சாய்வை ஏற்றிக்கொள்கிறார்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பூமியின் புலத்தில் வைத்து அளக்கிறார்கள். சாய்வை உண்டாக்குவது ஒரு புலம், அதைப் படிப்பது இன்னொரு புலம். சாய்வை இயல்பைவிடப் பல மடங்கு ஏற்றுவதை இன்று ஹைப்பர்போலரைசேஷன் என்று பெரிய பெயரில் பேசுகிறார்கள். அதன் அடிப்படை யோசனை இதுவே.

இந்தப் பகுதிக்கும் காந்த அளவீட்டுக்கும் பழைய உறவு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டியே போகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதும் அந்தக் கோட்டை நம்பித்தான். அதற்கும் முன்பு, இந்த மாவட்டமெல்லாம் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், அகத்தியமலை உச்சியிலும் ஒரு ஆய்வகம் போட்டுக் காந்த ஊசிகளின் அசைவைப் பதிவு செய்தார். இப்போது திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இயங்குகிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

சிக்னல் ஏன் இவ்வளவு கம்மி?

ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றுக்கும் ஸ்பின் என்ற பண்பு உண்டு. அதனால் அது ஒரு நுண்ணிய காந்தமாக நடந்துகொள்ளும். வெளிக் காந்தப்புலத்தில் வைத்தால் அதற்கு இரண்டே நிலைகள்: புலத்தோடு சேர்ந்து, அல்லது புலத்துக்கு எதிராக. சேர்ந்திருப்பதற்கு ஆற்றல் கொஞ்சம் குறைவு. ஆனால் இரண்டுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம், அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் முட்டி மோதும் ஆற்றலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெப்பம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடும்.

கணக்குப் பார்த்தால், 1.5 டெஸ்லாவில், 37 டிகிரி உடல் வெப்பத்தில், பத்து லட்சம் அணுக்கருக்களில் ஒரு பக்கம் கூடுதலாக இருப்பவை ஐந்து. கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் சுமார் பத்து லட்சம் ஓட்டு பதிவாகி, ஜெயித்தவர் ஐந்தே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரும் புதிருமாக விழுந்த மற்ற ஓட்டெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எம்ஆர்ஐ எந்திரம் பார்ப்பது அந்த ஐந்து ஓட்டை மட்டும்தான். இந்த வித்தியாசத்தைத்தான் சாய்வு என்று சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அப்படியானால் எம்ஆர்ஐ எப்படி வேலை செய்கிறது? தண்ணீரின் தயவு. ஒரு மில்லி தண்ணீரில் ஏறத்தாழ 67 கோடி கோடி கோடி ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இருக்கின்றன. பத்து லட்சத்துக்கு ஐந்து என்றாலும் மிச்சம் ஏராளம். அதனால் தண்ணீரையும் கொழுப்பையும் நன்றாகப் பார்க்கலாம். முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியிருக்கிறதா, மூளையில் கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும்.

அந்தக் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். சர்க்கரை உடைந்து உண்டாகும் பைருவேட், லாக்டேட் மாதிரி மூலக்கூறுகள் தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவாக இருப்பவை. அவற்றின் கார்பன் வழியாகப் பார்க்கலாமென்றால், காந்தக் குணம் உள்ள கார்பன்-13 இயற்கையில் 1.1 சதவீதம்தான். அதன் காந்தத் திறனும் ஹைட்ரஜன் கருவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. சாதாரண எம்ஆர்ஐயில் நோயாளியை எத்தனை மணி நேரம் படுக்க வைத்தாலும் அந்தச் சிக்னல் இரைச்சலுக்குள் புதைந்துதான் கிடக்கும்.

சாய்வைக் கூட்ட நேர்வழி இரண்டு. புலத்தைக் கூட்டலாம், அல்லது வெப்பத்தைக் குறைக்கலாம். புலத்தைக் கூட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 3 டெஸ்லா எந்திரங்கள் பரவலாகிவிட்டன. 7 டெஸ்லா எந்திரத்துக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் அனுமதி கொடுத்தது. பாரிஸ் அருகே சக்லேயில் 11.7 டெஸ்லா காந்தம் ஒன்று இருக்கிறது. எடை 132 டன். 2024இல் அது எடுத்த மனித மூளைப் படங்கள் வெளிவந்தன. இத்தனை பாடுபட்டும் அங்கே சாய்வு பத்து லட்சத்தில் நாற்பதைத் தொடவில்லை. வெப்பத்தைக் குறைப்பதோ நோயாளியிடம் நடக்காது.

நம்ப மறுத்த கூட்டம்

மூன்றாவது வழியைச் சொன்னவர் ஆல்பர்ட் ஓவர்ஹவுசர். 1953இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார், வயது முப்பதுக்குள். அவர் சொன்னது இதுதான்: எலெக்ட்ரானுக்கும் ஸ்பின் உண்டு, அதன் காந்தத் திறன் ஹைட்ரஜன் கருவைப் போல 658 மடங்கு. எனவே அதே புலத்தில் எலெக்ட்ரான்கள் அந்த அளவுக்கு அதிகமாகச் சாய்ந்திருக்கும். எலெக்ட்ரான்களை அவற்றுக்கே உரிய அதிர்வெண்ணில் தொடர்ந்து கிளறிக்கொண்டிருந்தால், அந்தச் சாய்வு பக்கத்தில் இருக்கும் அணுக்கருக்களுக்கு மாறும்.

கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். காரணம் இருந்தது. எலெக்ட்ரான்களைக் கிளறுவது என்றால் அவற்றைச் சூடாக்குவது. ஒன்றைச் சூடாக்கினால் பக்கத்தில் இருப்பது இன்னும் ஒழுங்காகும், அதாவது குளிர்ந்தது போல ஆகும் என்று ஒரு இளைஞர் சொல்கிறார். வெப்ப இயக்கவியல் படித்த யாருக்கும் இது தப்பாகத்தான் தோன்றும். காந்த அதிர்வுத் துறையின் பெரிய தலைகளே சந்தேகப்பட்டார்கள். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஸ்லிக்டரும் அவர் மாணவர் தாமஸ் கார்வரும் லித்தியம் உலோகத்தில் செய்து பார்த்தபோது அணுக்கருச் சிக்னல் ஏறத்தாழ நூறு மடங்கு எழுந்தது. ஓவர்ஹவுசர் கணக்கில் பிழை இல்லை. எலெக்ட்ரானும் கருவும் சேர்ந்து புரளும்போது, வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைதான் அந்த வேலைக்கு ஆற்றல் கொடுக்கிறது. வெப்ப இயக்கவியலுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மண்ணெண்ணெய்க் குப்பிக்கும் இதனால் ஒரு விடிவு வந்தது. இன்றைய ஓவர்ஹவுசர் காந்தமானியில் ஹைட்ரஜன் நிறைந்த திரவத்தோடு, ஜோடி சேராத தனி எலெக்ட்ரான் உள்ள ஒரு வேதிப்பொருளைக் கலந்துவிடுகிறார்கள். பெரிய மின்சாரம் பாய்ச்சி நிறுத்துகிற வேலை கிடையாது. கொஞ்சம் ரேடியோ அலை போதும், பேட்டரியும் நீடிக்கும், அளவும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். 1999இல் ஏவிய டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் செயற்கைக்கோளிலும், 2000இல் ஏவிய ஜெர்மனியின் சாம்ப் செயற்கைக்கோளிலும் இந்த வகைக் காந்தமானி இருந்தது. கடலில் மூழ்கிய கப்பலைத் தேடுவதற்குப் படகின் பின்னால் இழுத்துச் செல்வதும் உண்டு. ஹைப்பர்போலரைசேஷன் என்றாலே ஆஸ்பத்திரி ஆராய்ச்சி என்று நினைக்கிறோம். அன்றாடப் புழக்கத்துக்கு முதலில் வந்தது காந்தமானியில்தான்.

உறைய வைத்து, ஒரு நொடியில் உருக்கி

மருத்துவத்துக்கு இது பயன்படும் என்ற நிலை வர ஐம்பது வருடம் ஆனது. 3.35 டெஸ்லா புலத்தில், 1.2 கெல்வின் குளிரில், அதாவது கழித்தல் 272 டிகிரியில், மாதிரியோடு கலந்த அப்படியொரு வேதிப்பொருளின் தனி எலெக்ட்ரான்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாய்ந்துவிடும். அந்தக் குளிரில் மைக்ரோவேவ் அடித்தால் சாய்வு அணுக்கருக்களுக்குப் போய்ச் சேரும். இதைத் துகள் இயற்பியல்காரர்கள் 1960களிலேயே தங்கள் மோதல் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் கிடைப்பது உறைந்த கட்டி. நோயாளிக்கு அதை ஊசி போட முடியுமா?

2003இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் ஆர்டென்கேர்-லார்சன், கோல்மன் குழுவினர் செய்தது துணிச்சலான வேலை. உறைந்த மாதிரியின் மேல் சுடச்சுட, அழுத்தத்தோடு கரைப்பானைப் பாய்ச்சினார்கள். ஒரு நொடிக்குள் எல்லாம் உருகிக் கரைந்து வெளியே வந்தது. கார்பன்-13 கருக்களின் சாய்வு 37 சதவீதம் நின்றது. தேர்தல் கணக்கில், ஐந்து ஓட்டு வித்தியாசம் இருந்த இடத்தில் மூன்று லட்சத்து எழுபதாயிரம் ஓட்டு வித்தியாசம்.

அவர்கள் கட்டுரையின் தலைப்பில் இது "பத்தாயிரம் மடங்குக்கு மேல்" என்று போனது. கட்டுரைக்குள் சொன்ன எண் 44,400 மடங்கு, அதுவும் சரியான எண்தான். ஆனால் எதோடு ஒப்பிட்டு? 9.4 டெஸ்லா புலத்தில், அறை வெப்பநிலையில் அதே கார்பனுக்கு இயல்பாக இருக்கும் சாய்வோடு. அதே மாதிரியை 0.064 டெஸ்லா எந்திரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் 65 லட்சம் மடங்கைத் தாண்டிவிடும். மாதிரி மாறவில்லை, ஒப்பிடும் தரை தாழ்ந்துவிட்டது, அவ்வளவே. படமும் அத்தனை மடங்கு கூர்மையாகாது. மடங்கைச் சொல்கிற கட்டுரையைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது சதவீதத்தைத்தான்.

நோயாளிகளிடம் சோதிக்கப் பைருவேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று உயிரியல். ஆக்சிஜன் இருக்கும்போதும் புற்றுநோய் செல்கள் சர்க்கரையை லாக்டேட்டாக மாற்றித் தள்ளும் என்று ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டிருந்தார். கார்பன்-13 வைத்த பைருவேட்டை ரத்தத்தில் செலுத்தினால், கட்டி இருக்கும் இடத்தில் அது லாக்டேட்டாக மாறுவதை நேரடியாகப் பார்க்கலாம். பைருவேட்டின் கார்பனும் லாக்டேட்டின் கார்பனும் வேறு வேறு அதிர்வெண்ணில் பேசுவதால் குழப்பம் வராது. இரண்டாவது காரணம் இயற்பியல். பைருவேட்டின் முதல் கார்பனோடு ஹைட்ரஜன் நேராக ஒட்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஹைட்ரஜன் இருந்தால் சாய்வு சீக்கிரம் கலைந்துவிடும். இங்கே அது ஒரு நிமிடம் வரை தாக்குப்பிடிக்கும்.

சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 31 பேருக்கு முதல்முறையாக இதைச் செய்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியால் ஆபத்து எதுவும் தெரியவில்லை. கட்டி இருந்த இடத்தில் லாக்டேட் எழுந்தது. ஒருவருக்கு, வழக்கமான படத்தில் தெரியாத இடத்திலும் எழுந்தது. கதிரியக்கம் துளியும் இல்லை.

கடிகாரம்

ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று எழுதிவிட்டேன், அந்த ஒரு நிமிடத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். உருகி வந்த திரவத்திலிருந்து அந்தத் தனி எலெக்ட்ரான் வேதிப்பொருளை வடிகட்டி எடுக்க வேண்டும். அமிலத்தன்மை சரியா, சூடு சரியா, அளவு சரியா என்று சோதிக்க வேண்டும். மருந்தாளுநர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். பக்கத்து அறைக்கு எடுத்துப் போய் ஊசியில் ஏற்றிச் செலுத்த வேண்டும். சுமார் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சிக்னல் 37 சதவீதமாகக் குறுகும். ஐந்து நிமிடம் போனால் நூற்றில் ஒன்றுகூட மிஞ்சாது. போனது போனதுதான். சாதாரண எம்ஆர்ஐயில் அணுக்கருக்கள் ஓரிரு நொடியில் தங்கள் பழைய ஐந்து ஓட்டுக்குத் திரும்பி வந்துவிடும், மறுபடி மறுபடி அளக்கலாம். இங்கே திரும்பி வருவதும் அந்த ஐந்து ஓட்டுக்குத்தான். ஒவ்வொரு முறை அளப்பதும் கையிருப்பைக் கரைக்கும் என்பதால் ரேடியோத் துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகவே செலவழிக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு இதை வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். புற்றுநோய் என்றால் இங்கே பலரும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்சிசிக்குத்தான் ஓடுகிறார்கள். அந்தச் சாலையில் நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். பெட் ஸ்கேனுக்கான ஃப்ளூரின்-18 கதிரியக்க மருந்து அந்தத் தூரத்தைத் தாங்கும். அதன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம், எனவே ஒரு ஊரில் தயாரித்து இன்னொரு ஊருக்கு வண்டியில் அனுப்பலாம். பைருவேட்டை அப்படி அனுப்பினால் களியக்காவிளைக்கு வருமுன்பே அது வெறும் பைருவேட். அதாவது ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் திரவ ஹீலியக் குளிரூட்டியும், தனிக் காந்தமும், மருந்தகமும் ஸ்கேன் அறைக்கு ஒட்டியே இருக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சி மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகும். மாவட்ட அளவுக்கு இது இப்போதைக்கு ஆகாது என்பது என் எண்ணம். இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, வழக்கமான சிகிச்சைக்கான அனுமதியும் வரவில்லை.

வாயுவுக்குக் கொஞ்சம் பொறுமை அதிகம். ரூபிடியம் ஆவியின் மேல் 795 நானோமீட்டர் லேசரை வட்டமாகத் துருவப்படுத்தி அடித்தால், ரூபிடியத்தின் எலெக்ட்ரான்கள் ஒரே பக்கம் சாயும். இந்த வழியைத் திறந்தவர் பிரான்சின் ஆல்ஃப்ரெட் காஸ்ட்லர், 1966இல் நோபல் வாங்கினார். அந்த ஆவியோடு ஹீலியம்-3ஐயோ ஸீனான்-129ஐயோ கலந்தால், மோதும்போது சாய்வு வாயுவின் அணுக்கருவுக்கு மாறும். ஹீலியம்-3இல் இதை 1960இல் செய்து காட்டிய மூவரில் ஒருவர் தாமஸ் கார்வர். ஆமாம், லித்தியத்தில் ஓவர்ஹவுசர் சொன்னதை நிரூபித்த அதே கார்வர்தான்.

நல்ல கண்ணாடிக் குப்பியில் ஹீலியம்-3இன் சாய்வு பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில் நிற்கும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தயாரித்து மற்ற ஐரோப்பிய நகரங்களுக்கு விமானத்தில்கூட அனுப்பினார்கள். ஆனால் ஹீலியம்-3 டிரிட்டியம் சிதைவிலிருந்து வருகிற அரிய சரக்கு. தட்டுப்பாடு வந்ததும் எல்லாரும் ஸீனானுக்கு மாறினார்கள். ஸீனான் காற்றிலேயே இருக்கிறது, அதில் கால் பங்குக்கு மேல் 129 வகை. திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைத்தால் இரண்டு, மூன்று மணி நேரம் சாய்வைக் காப்பாற்றும். களியக்காவிளைச் சாலை நெரிசலைத் தாண்டி வருவதற்குப் போதும்.

நுரையீரலுக்குச் சாதாரண எம்ஆர்ஐ லாயக்கில்லை. அங்கே காற்றுதான் நிறைய, தண்ணீர் கம்மி. சாய்த்த ஸீனானை ஒரு பையிலிருந்து இழுத்து, பத்துப் பதினைந்து நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டால் காற்று எங்கெங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று தெரியும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஸீனான் ரத்தத்தில் கரையும். நுரையீரல் சவ்வில் இருக்கும் ஸீனானும் சிவப்பணுவுக்குள் புகுந்த ஸீனானும் தனித்தனி அதிர்வெண்ணில் தெரிவதால், வாயு ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதையே அளக்கலாம். கோவிட் வந்துபோன பிறகு மூச்சு வாங்குகிறது, ஆனால் சிடியில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட சிலரிடம் இந்த முறை கோளாறைக் காட்டியது. 2022 டிசம்பரில் எஃப்டிஏ இதற்கு அனுமதி கொடுத்தது, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நுரையீரல் காற்றோட்டத்தைப் பார்க்க. ஸீனான் அதிகமானால் மயக்க மருந்து, இந்த அளவுக்கு லேசான கிறுகிறுப்போடு போய்விடும்.

மகேந்திரகிரியில் இருக்கும் ஹைட்ரஜன்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் காவல்கிணறு போகும்போது இடது பக்கம் நிற்கிற மலை மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். சந்திரயான்-3ஐத் தூக்கிப்போன எல்விஎம்3 ராக்கெட்டின் சிஇ-20 எஞ்சினை அங்கேதான் எரித்துச் சோதித்தார்கள். அந்த எஞ்சின் எரிப்பது திரவ ஹைட்ரஜன், 20 கெல்வின் குளிரில். அந்தக் குளிரில் ஹைட்ரஜனுக்கு ஏற்படும் ஒரு மாற்றம்தான் சாய்வை உண்டாக்கும் இன்னொரு வழி.

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கரு. இரண்டின் ஸ்பின்னும் இணைந்து நிற்கும் வகை ஆர்த்தோ, எதிரெதிராகப் பூட்டிக்கொண்ட வகை பாரா. அறை வெப்பநிலையில் நாலில் மூன்று பங்கு ஆர்த்தோ, ஒரு பங்கு பாரா. குளிரக் குளிர பாரா கூடும். திரவ நைட்ரஜன் குளிரில் பாதிக்குப் பாதி, 20 கெல்வினில் 99 சதவீதத்துக்கு மேல் பாரா. மாற்றம் தானாக நடக்க விட்டால் மெதுவாக நடக்கும், நடக்கும்போது வெப்பத்தையும் வெளியிடும். அந்த வெப்பம் திரவ ஹைட்ரஜனைக் கொதிக்க வைக்கத் தேவையானதைவிட அதிகம். தொட்டியில் அப்படியே விட்டால் எரிபொருள் ஆவியாகிப் போய்விடும். அதனால் திரவமாக்கும்போதே இரும்பு ஆக்சைடு மாதிரி வினையூக்கி மேல் ஓட்டி பாராவாக மாற்றிவிடுவார்கள். ராக்கெட்காரர்களுக்கு அது ஆவியாகாமல் தடுக்கும் வழி. காந்த அதிர்வுக்காரர்களுக்கு அது சிதறாமல் பூட்டி வைத்த ஒழுங்கு.

பாரா ஹைட்ரஜனின் மொத்த ஸ்பின் பூஜ்யம். எனவே அதுவாக எந்தச் சிக்னலும் தராது. ஆனால் ஒரு வேதிவினையில் அதன் இரண்டு கருக்களும் வெவ்வேறு சூழலில் போய் உட்கார்ந்தால் பூட்டு திறந்துகொள்ளும், சிக்னல் ஆயிரக்கணக்கான மடங்கில் வெடிக்கும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவர்ஸும் வைட்கேம்பும் 1986இல் இதைக் கணித்து அடுத்த வருடம் செய்து காட்டினார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் சைமன் டக்கெட் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். இரிடியம் அணு ஒன்றில் பாரா ஹைட்ரஜனும் நாம் சாய்க்க நினைக்கும் மூலக்கூறும் சிறிது நேரம் ஒன்றாக ஒட்டிப் பிரிகின்றன, மூலக்கூறு வேதியியல் மாற்றமே இல்லாமல் சாய்வோடு வெளியேறுகிறது. நொடிகளில் முடியும் வேலை. குடுவை, குழாய், வாயு உருளை, சின்னப் புலம், இவ்வளவே தேவை. பாரா ஹைட்ரஜனைத் தகுந்த உருளையில் அடைத்தால் நாள்கணக்கில் கெடாமல் இருக்கும். கடிகாரம் ஓடத் தொடங்குவது நோயாளியின் பக்கத்தில் வைத்து வினையைத் தொடங்கும்போதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நைட்ரஜன்-15 கருவுக்கு இப்படிச் சாய்வை மாற்ற வேண்டுமானால் புலம் ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழே இருக்க வேண்டும். துருவப் பக்கத்தைவிடப் பூமியின் புலம் வலுக்குறைந்த இடத்தில் நாம் இருந்தும், நம்முடைய 40 மைக்ரோடெஸ்லா அதற்கு மிக அதிகம். காந்தத் தடுப்பு உறைக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். இரிடியத்தைத் துப்புரவாக அகற்றாமல் உடம்பில் செலுத்தவும் முடியாது, அதற்கான வடிகட்டல் வழிகளில்தான் இப்போது பலரும் உழைக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும், மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றுக்குள் நுழையக்கூடிய வழி எது என்று கேட்டால், நுரையீரலுக்கு ஸீனானையும் மற்றதற்கு இந்தப் பாரா ஹைட்ரஜன் வழியையும்தான் சொல்வேன்.

காரணம் விலை மட்டுமல்ல. எம்ஆர்ஐ காந்தம் அத்தனை பெரிதாக இருப்பதன் முக்கியக் காரணமே அந்த ஐந்து ஓட்டைப் பத்தாக்குவது. சாய்வு வெளியிலிருந்து வந்துவிட்டால் காந்தத்துக்கு அந்தப் பாரம் இல்லை. அது படிக்க மட்டும் போதுமானதாக இருந்தால் சரி. 1998லேயே 2 மில்லிடெஸ்லா அளவே உள்ள புலத்தில் சாய்த்த ஹீலியம்-3 வாயுவைப் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அது ஆஸ்பத்திரிக் காந்தத்தில் 750இல் ஒரு பங்கு. கட்டில் பக்கத்துக்கே உருட்டிக்கொண்டு போகக்கூடிய 0.064 டெஸ்லா நிரந்தரக் காந்த எந்திரத்துக்கு எஃப்டிஏ 2020இல் அனுமதி கொடுத்தது. அது இப்போது தண்ணீரைத்தான் பார்க்கிறது, படமும் 1.5 டெஸ்லா படத்துக்குப் பக்கத்தில் நிற்காது. சாய்த்த பொருளோடு அதைச் சேர்த்தால் கணக்கே வேறு.

வலுவான நிரந்தரக் காந்தங்களுக்கு நியோடிமியம் வேண்டும். மணவாளக்குறிச்சி மணலிலிருந்து மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் பிரித்தெடுக்கும் கனிமங்களில் மோனசைட்டும் ஒன்று, நியோடிமியம் இருப்பது அதில்தான். கயிறு நாரில் ஒட்டியிருந்த இந்த மணலை வைத்து ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மோனசைட்டைக் கண்டுகொண்டார். மணலிலிருந்து கனிமத்தைப் பிரிப்பது இங்கே, அரிய மண் தனிமங்களை வேதிமுறையில் பிரிப்பது கேரளத்தின் ஆலுவா போன்ற இடங்களில். அதே மோனசைட்டுக்குள் தோரியம் சிதைந்து சிதைந்து ஹீலியமும் அடைபட்டுக் கிடக்கிறது. ஆனால் அது ஹீலியம்-4, அதன் அணுக்கருவுக்கு ஸ்பின்னே கிடையாது. குளிரூட்ட உதவும், சிக்னலுக்கு உதவாது. நிரந்தரக் காந்த எந்திரத்துக்கோ அந்தக் குளிரும் வேண்டாம்.